கப்பலுக்குப் போனவர்கள்

"திரையை இழுக்காதே!" என்று வீபே போட்ட சத்தத்தில் மகள் நின்காவின் கை அப்படியே நின்றது.

நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்தின் அந்தத் தெருவில் இருட்டினாலும் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. மறைக்க ஒன்றுமில்லாத வீடு என்று அதற்குப் பொருள். மூடினால் மறுநாள் ரொட்டிக்கடையில் அதுதான் பேச்சு. தேவாலய மூப்பரான வீபே, மனைவியை அடக்கம் செய்த அன்றுகூட மூடியவர் அல்ல.

"என்னைச் சோதிக்கிறதைத் தெருவே பார்க்கணுமாப்பா?"

"சோதனைன்னு யாருக்குத் தெரியும்? காப்பி குடிக்க வர்ற விருந்தாளி. அவ்வளவுதான்."

பதினாறு வயது நின்காவுக்குச் சில மாதங்களாகச் சுவருக்குள் யாரோ முணுமுணுப்பது போல் கேட்டது. படித்த வரி, பக்கத்தைத் திருப்புவதற்குள் மறந்துபோனது. பெரிய மனநோயாக முற்றாமல் இப்போதே தடுக்கப் பார்க்கலாம், முதலில் அவளுடைய நினைவாற்றலையும் சிந்தனையையும் அளந்து பார்க்கவேண்டும் என்றார்கள் மருத்துவமனையில். அங்கே போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று, சோதிப்பவரை வீட்டுக்கே வரவழைத்தார் வீபே.

மார்லூஸ் என்ற அந்த இளம்பெண் வந்தாள். வீபே அந்த ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு பிஸ்கட் மட்டும் கொடுத்து டப்பாவை மூடினார். பிறகு மார்லூஸின் முதுகுக்குப் பின்னால், ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டார்.

மார்லூஸ் வரிசையாகச் சில சொற்களைப் படித்தாள். "ஞாபகம் இருக்கிறதைச் சொல்லும்மா."

"மணி... ரொட்டி..." நின்கா விழித்தாள்.

தம் குடும்பத்துப் பெண் இரண்டு சொற்களோடு நிற்பதா? வீபேயின் ரத்தம் கொதித்தது. தலைக்கு மேல் குடை விரிப்பதுபோல் கையால் காட்டினார்.

"குடை," என்றாள் நின்கா, தன்னையறியாமல்.

வீபேக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்குப் படகில் துடுப்புப் போடுவதுபோல் கைகளை வீசினார். முழங்கைகளை அடித்துக்கொண்டு கோழியானார். கழுத்தை நீட்டிக் குதிரையாகக் கனைக்கப் போனபோதுதான் நின்கா வெடித்துச் சிரித்தாள். மார்லூஸ் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, இப்படி நீங்க சொல்லிக்கொடுத்தா இவளுக்கு ஒண்ணுமே இல்லன்னு வரும்."

"அப்படித்தானே வரணும்!"

"வந்தா உதவி கிடைக்காதுப்பா," என்றாள் நின்கா. சிரிப்பு போயிருந்தது. "எனக்கு ஞாபகம் வரல. வரலன்னே சொல்ல விடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

மார்லூஸ் எழுந்தாள். "வேற சொற்களோட நாளைக்கு வரேன். ஐயா வெளியில காத்து வாங்கப் போகட்டும்."

அன்று மாலை அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டு தீனேகா, கையில் பட்டாணி சூப் பானையோடு நின்றாள். இறுதிச் சடங்குக்கு வைத்துக்கொள்ளும் முகம்.

"வீபே, ஜன்னல் வழியா பார்த்தேன். மனசே கேட்கல. எப்போலருந்து இப்படி இருக்கு உங்களுக்கு?"

வீபேக்கு மெல்லப் புரிந்தது. கோழி, படகு, எல்லாவற்றையும் தெரு பார்த்திருக்கிறது. ஊர் வாயில் விழவேண்டியது மகளா, தாமா? அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"கொஞ்ச நாளாத்தான்," என்றார் கம்பீரமாக.

"பொய் அத்தை," என்றபடி நின்கா வாசலுக்கு வந்தாள். "அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் சோதனை. யாரும் இல்லாதப்போ பேச்சுக்குரல் கேட்குது."

வீபே கண்களை மூடிக்கொண்டார். ரொட்டிக்கடைக் கதவு திறக்கும் சத்தமே காதில் கேட்டது அவருக்கு.

தீனேகா பானையைத் தரையில் வைத்துவிட்டு நின்காவின் கையைப் பிடித்தாள். "என் தம்பி கெர்பனுக்கும் உன் வயசுலதான் ஆரம்பிச்சுது."

"கெர்பனுக்கா?" வீபே கண்ணைத் திறந்தார். "அவன் கப்பல்ல இருக்கானே! இப்போ எந்தத் துறைமுகம்னு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்கிறேனே!"

"நீங்க கேட்குறீங்க, நானும் ஏதோ ஒரு ஊரைச் சொல்றேன். அவன் கப்பலையே பார்த்ததில்ல. ஆஸ்பத்திரியிலதான் இருக்கான். அப்பவே வெளிய சொல்லியிருந்தா, இவ மாதிரி அவனையும் யாராவது பார்த்திருப்பாங்க."

வீபே தீனேகாவின் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். எல்லா ஜன்னல்களிலும் திரை விலகி, விளக்கு பளிச்சென்று எரிந்தது. இந்தச் சின்னத் தெருவிலிருந்து இதுவரை கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தார். நிறையப் பேர்தான்.

"உள்ள வாங்க," என்றார். காப்பி ஊற்றி, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். டப்பாவை மட்டும் மூடவில்லை.