பாஸ்வேர்டுச் சீட்டு

நிறுவனத்துக்குச் சாகண் ஊரில் இருந்த ஆலையின் கிடங்கில் மேலாளரின் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கணினியிலேயே ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் அவர் பெயரில் சரக்குக்கு ஒப்புதல் தரலாம். பங்குதாரர்களுக்குப் போகும் ஆண்டறிக்கையின் வரைவில் இதைப் பெரும் குறை என்றே எழுதினாள் உள்தணிக்கை அதிகாரி கிருஷ்ணப்ரியா.

"ஷேர் விலை விழுந்துடும்மா. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்," என்றார் நிதி இயக்குநர் அருணாச்சலம்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க, சார்."

"அப்ப இந்நேரம் பழகியிருக்கணுமே!"

வேலை போய்விடுமே என்று பயந்து, 'கட்டுப்பாடுகள் திருப்திகரம்' எனத் திருத்திக் கையெழுத்திட்டாள்.

அறிக்கை வெளியான வாரம் கிடங்குக்குப் போனாள். சீட்டைக் காணோம். ஒரு கணம் நெஞ்சு லேசானது.

"அது கிழிஞ்சிக்கிட்டே இருந்துச்சு, மேடம்," என்று ஊழியர் பரமசிவம் சுவரைக் காட்டினார். அங்கே பாஸ்வேர்டு கொட்டை எழுத்தில், லேமினேட் செய்யப்பட்டுத் தொங்கியது.