ஆறு பேர் குடித்த தண்ணீர்

“2025 அக்டோபர் 15, புதன். எடைப் பதிவில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்த டெனிஷுக்கு எடைமெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டியது. என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு கிலோ குறைத்து எழுதிவிட்டேன்.”

மெஷின் சரியாகத்தான் இருந்தது. அபுதாபியின் லிவா பாலைவனத்தில் ஐந்து நாள் நடக்கும் ஓட்டத்தின் மருத்துவக் கூடாரத்தில் சுகிர்தராணி நர்ஸ். மாலை வகுப்பில் அரபி படித்தபோது பிடித்துக்கொண்ட நாட்குறிப்புப் பழக்கம் அவளுக்கு. டெனிஷ் ஓட ஓடக் கனத்தான். புஜைரா எண்ணெய்க் கிடங்கில் டெக்னீஷியனான அவன், போன வருடம் நாலாம் நாளில் சுருண்டு விழுந்து வெளியேற்றப்பட்டவன். இந்த வருடம் தொழிலாளர் கேம்பில் ஒரே ரூமில் உடன் தங்கும் ஆறு பேரும் அவன் டூட்டியைப் பங்குபோட்டுக்கொண்டு, “நீ ஓடு மக்கா, ஒனக்க வெள்ளத்த நாங்க குடிச்சுக்கிடுதோம்” என்று அனுப்பிவைத்தார்கள். சொன்னபடியே அங்கே தண்ணீர் குடித்தார்கள். நானூறு கிலோமீட்டர் தள்ளி அது இவன் உடம்பில் சேர்ந்தது. நாலு மணி வாக்கில் அவன் வியர்வையில் ஏலக்காய் மணக்கும். “அது ரூம்ல நேசையன் அண்ணனுக்க சாயா, அக்கா” என்பான். சுகிர்தராணி அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நாலாம் நாள். பகல் பன்னிரண்டரைக்குப் பாதி வழிக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்த டெனிஷ், அறுபத்துநாலு கிலோவில் மூன்றரை குறைந்திருந்தான். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தவரை நிறுத்திவிட வேண்டும்; அரை மணி ஓய்வில் எடை ஏறினால் விடலாம். இரண்டு பாட்டில் குடித்தும் எண் அசையவில்லை. மறுபடி தப்பாகப் பார்க்கிறோமோ என்று அவனை மூன்று முறை ஏற்றி இறக்கினாள். பிறகு அவன் போனை வாங்கிக் கேம்புக்குப் பேசினாள்.

“வெள்ளமா? பச்சத் தண்ணி பல்லுல படல்ல, சிஸ்டர்” என்றார் நேசையன், பெருமையாக. “அவன் முடிக்கணும்னு இன்னைக்கு உபவாச ஜெபம். இர்ஷாத்தும் எங்ககூடத்தான். நோன்புன்னா எங்கிட்ட கேளுங்கன்னு மொத ஆளா வந்து இருக்கான்.”

“ஜெபம் பண்ணுங்கண்ணே, குடிச்சிட்டுப் பண்ணுங்க! இங்க அவன் காயுதான்!”

அந்தப் பக்கம் தம்ளர்கள் உருண்டன. “குடிங்கலே, லேய்!” இந்தப் பக்கம் எண் ஏறியது: அறுபதரை, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. டெனிஷ் போனை வாங்கி “அண்ணே” என்றான். மூக்கை உறிஞ்சினான்.

“அழாதலே. அந்த வெள்ளத்தையும் நாங்கதான் குடிக்கணும்.”

ஐந்தேகாலுக்கு அவன் அன்றைய எல்லையைத் தொட்டான்.

“அக்டோபர் 17, வெள்ளி. புதன்கிழமைப் பதிவைத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். கர்த்தருக்கும் அந்த ஆறு பேருக்கும் நன்றி. நாளை கடைசி நாள். காலை நாலேமுக்காலுக்குக் கேம்புக்குப் போன் செய்து ஆளுக்கு இரண்டு தம்ளர் குடிக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு டெனிஷை எடை பார்க்க வேண்டும்.”