கதவு நிலையில் ஐந்து கோடுகள்

முன்னாள் ஜனாதிபதி பிறந்த வீடு என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். தையல்காரிக்கோ அது பதினோரு வயது வரை வாடகைக்கு இருந்த வீடு. அவர் பதவிக்கு வந்ததும் வீட்டை நினைவிடமாக்க அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவள் குடும்பம் மூட்டை முடிச்சோடு வெளியேறியது. அதற்குப் பிறகு நாற்பது வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவளை, பஸ் ஓட்டும் கணவன்தான் நச்சரித்துக் கூட்டி வந்திருந்தான்.

"உங்க அம்மா துணி காயப்போட்ட இடத்தைப் பார்க்க டிக்கெட் வாங்குறோம், பாத்துக்க," என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே, அப்பா சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு கட்டில். அதில்தான் ஜனாதிபதி பிறந்தார் என்றாள் வழிகாட்டிப் பெண். அடுத்து சமையலறைக் கதவு. நிலையில் கத்தியால் கீறிய ஐந்து கோடுகள். அவற்றின் மேல் பூட்டு வைத்த கண்ணாடி போட்டிருந்தார்கள்.

"சின்ன வயசுல அவரோட உயரத்தை இதுலதான் அளந்தாங்க."

தையல்காரி அங்கேயே நின்றுவிட்டாள். அது அவள் தம்பியின் உயரம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் அவன் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்ள, அப்பா கீறுவார். ஆறாவது கோட்டுக்கு அவன் இல்லை. மூன்றே நாள் காய்ச்சல். ஒரு போட்டோகூட எடுத்து வைக்காத பிள்ளை.

கூட்டம் நகர்ந்ததும் வழிகாட்டியிடம் சொன்னாள்.

"நிஜமாவாக்கா? மேல சொன்னா உடனே கண்ணாடியக் கழட்டி, பெயிண்ட் அடிச்சு மறைச்சிடுவாங்களே!"

"அடிக்கட்டுமே. பொய்ய எதுக்கு விட்டு வைக்கணும்?" என்றான் கணவன்.

தையல்காரி கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி இருந்ததற்கான ஒரே அடையாளத்தை இத்தனை வருடம் காப்பாற்றியது அந்தப் பொய்தான்.

"மேல சொல்ல வேணாம்மா. ஆனா நீயும் இனிமே அவரோடதுன்னு சொல்லாத."

"வேற என்னக்கா சொல்றது?"

"இந்த வீட்டுல வளர்ந்த ஒரு பையனோடதுன்னு சொல்லு. அதுல பொய் ஒண்ணும் இல்லயே."

வழிகாட்டி தலையாட்டினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சாவி போட்டுக் கண்ணாடியைத் திறந்தாள். "சீக்கிரம்க்கா."

கணவன் போய், அடுத்த கூட்டம் உள்ளே வராதபடி வழியை மறித்து நின்றுகொண்டான். அவள் மேல் கோட்டைத் தொட்டாள். அது அவள் நெஞ்சுக்குக் கீழேதான் இருந்தது.