எங்கே போவது என்பது மட்டும்

கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. கை நுழையும் அளவு வெடிப்பு. மழை பிடிப்பதற்குள் பன்னிரண்டு குடும்பமும் வெளியேற வேண்டும், எங்கே தங்குவதென்று எல்லோரும் ஒத்துக்கொண்டு ஒரே கடிதமாகத் தாருங்கள் என்று கிராம சேவகர் யோகேஸ்வரன் சொல்லிவிட்டுப் போனார். கடிதம் எழுதும் பொறுப்பு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் சுதர்ஷினியின் தலையில் விழுந்தது.

போக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எங்கே என்பதற்குத்தான் மூன்று கூட்டம் போயிற்று.

"பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அங்கதான் கக்கூஸ் இருக்கு," என்றாள் மீனம்மா. அவள் மகளுக்கு நிறைமாதம்.

"கோயில் மண்டபம் நாங்க கட்டுனது. அத விட்டுட்டு எதுக்கு இன்னொருத்தர்கிட்ட சாவி கேட்டு நிக்கணும்?" என்றார் மாயாண்டி.

கை தூக்கச் சொன்னாள் சுதர்ஷினி. பள்ளிக்கூடத்துக்கு ஏழு, கோயிலுக்கு ஐந்து.

"கை தூக்குனா மனசு மாறிடுமா?" என்றார் மாயாண்டி.

மூன்றாவது கூட்டத்தில் பேச்சு போன வருடத் திருவிழாச் சண்டைக்குப் போய்விட்டது. வெளியே தூறல் தொடங்கியிருந்தது. சுதர்ஷினிக்கு வெறுத்துப்போனது. யாரையும் கேட்காமல் எழுதினாள்: 'பன்னிரண்டு குடும்பமும் வெளியேறச் சம்மதம். போகும் இடம் இன்னும் முடிவாகவில்லை.'

"இதுக்காவது கையெழுத்து வைப்பீங்களா, மாமா?"

மாயாண்டி இரண்டு முறை வாசித்தார். "இதுல பொய் ஒண்ணும் இல்லையே," என்று முதல் ஆளாக வைத்தார்.

யோகேஸ்வரன் கடிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இது பாதிக் கடிதம், தங்கச்சி."

"பாதிதாங்க சார் முடிவாச்சு. மீதிக்கு நாங்க காத்திருக்கலாம், மேடு காத்திருக்குமா?"

அவர் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை மழை பிடித்தபோது லொறி வந்தது. ஏழு குடும்பம் பள்ளிக்கூடத்தில் இறங்கியது. ஐந்து குடும்பம் கோயில்வரை போனது. சுதர்ஷினி இரண்டு இடத்துக்கும் மாறி மாறி ஏறி இறங்கிச் சலித்துப்போனாள்.

சனிக்கிழமை காலை மேடு சரிந்தது. மாயாண்டியின் வீட்டோடு சேர்த்து மூன்று வீடுகள் மண்ணுக்குள் போயின. உள்ளே ஒருவரும் இல்லை.

எல்லோரும் தெருவில் நின்று பார்த்தார்கள். பிறகு மாயாண்டி தொண்டையைச் செருமினார்.

"அடுத்தது என்னான்னு பேசணும். கோயிலுக்கு வாங்க."

"பள்ளிக்கூடத்துல பேசுவோம்," என்றாள் மீனம்மா.

சுதர்ஷினிக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. தெருவோரத்து ஈரமான மதகின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் எங்கயும் வரல்ல. இங்கயே பேசுங்க."