தண்ணீர் படும்வரை சொல்லாத பெயர்

என் மனைவியைக் கொன்ற காளை இன்னும் உயிரோடு இருந்தது. அவளுடைய அண்ணன் லோர்கன் அதை வெட்டுக்கு அனுப்பவில்லை. பசுக்கள் சினைப்படட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தான். அது பொய். தினமும் காலையில் தீனி போட்டு முடித்ததும் காளையை இரும்புக் கூண்டுக்குள் ஓட்டுவான். தலையைப் பூட்டுவான். இரும்புக் குழாயை எடுத்து அடிப்பான். அடிப்பதற்காகத்தான் அதை வைத்திருந்தான்.

எங்கள் வீடு அவனுடைய பண்ணையை ஒட்டிய வயலில் இருக்கிறது. அயர்லாந்தில் இந்த ராஸ்காமன் பக்கம் காற்று இல்லாத நாள் குறைவு. காற்று நின்ற நாட்களில் எல்லாமே கேட்கும். முதலில் காளை கத்தும். பிறகு குழாய் விழுகிற சத்தம் மட்டும்.

என் மனைவி டெர்வ்லா மே மாதத்தில் இறந்தாள். வேலி முழுக்க முள்மரம் வெள்ளையாகப் பூத்திருந்த நேரம். கன்று போட்ட ஒரு பசுவைக் கொட்டகைக்குத் திருப்ப வேண்டும், வந்து ஒரு கை கொடு என்று லோர்கன் கூப்பிட்டான். அவள் அந்த வயலில் வளர்ந்தவள். கையில் ஒரு குச்சியோடு உள்ளே போனாள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். காளை வேலியோரமாக வந்தது. அவளை முட்டித் தள்ளி, முன்னங்கால்களை மடித்து அவள்மேல் மண்டியிட்டது. பிறகு நெற்றியால் அவளைத் தரையில் உருட்டிக்கொண்டே போனது. மூட்டையை உருட்டுவதுபோல.

குழந்தையை இருக்கையில் வைத்துவிட்டு, வயலின் மறுமுனைக்கு நான் ஓடிப் போவதற்குள், லோர்கன் மண்வெட்டியால் காளையின் கண்ணில் அடித்து விரட்டிவிட்டு, அவளை வேலிக் கேட்டுக்கு அடியில் இழுத்து வந்திருந்தான். தலை அவன் மடியில். அவன் கை முழுக்க ரத்தம். அவள் நெஞ்சுக்கூடு ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. மூச்சு நின்றிருந்தது.

ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"இல்ல. ஒண்ணும் சொல்லல" என்றான்.

குழந்தைக்கு அப்போது பெயர் இல்லை. சரியாகச் சொன்னால், இருந்தது, வெளியே வரவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். குழந்தையின் பெயர் தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும்தான் தெரிய வேண்டும். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் படும்வரை அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால், கேட்கக்கூடாத எதுவோ அதைக் கேட்டுவிட்டு, அதே பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடும். டெர்வ்லா கால்வே காலேஜில் பழைய ஐரிஷ் மொழி படித்தவள். நான் அங்கேயே சிவில் இன்ஜினியரிங். இந்த வழக்கத்தை நினைத்து அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு அப்படியே கடைப்பிடிப்பாள்.

ஆஸ்பத்திரியில் என் காதோடு வாய் வைத்து ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னாள். "மறந்துடாத. மறுபடியும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பெயரைத்தான் சொல்லக்கூடாது, அதைப் பற்றிப் பேசலாம் என்பது அவள் கண்டுபிடித்த சலுகை. நிறையப் பேசினாள். அது இரண்டு சொற்கள் சேர்ந்தது. ஒன்று சுடர். மற்றது திராட்சை மது. மதுவின் சுடர் என்று பொருள். எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் எங்கள் கன்னாக்ட் மாகாணத்து அரச வீடுகளில் பெண்களுக்கு அந்தப் பெயர் சாதாரணமாக இருந்ததாம். இன்ன அரசனின் மகள், இன்னாருடைய மனைவி, இந்த வருடம் இறந்தாள் என்று பழைய துறவிகள் எழுதி வைத்த வரிகளில் வருமாம். பிறகு இங்கிலீஷ் பெயர்கள் வந்து அதை மூடிவிட்டன. இப்போது வைப்பவர்கள் மிகச் சிலர். ஒரு வருடத்தில் மூன்று குழந்தைகளுக்காவது வைத்தால்தான் அரசாங்கம் ஒரு பெயரைப் பட்டியலில் போடும். தேடிப் பார்த்தாள். எங்கள் பெயர் அதில் இல்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அவளை அடக்கம் செய்த பிறகு, அவள் என்னிடம் கேட்டுக்கொண்டதில் மிச்சம் இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

லோர்கன் வேறு முடிவு செய்திருந்தான். குழந்தைக்கு டெர்வ்லா என்றே பெயர். மதுக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். வெள்ளிக் கோப்பை ஒன்றில் அதைப் பொறித்தும் வைத்திருந்தான். அவனைத்தான் ஞானத்தகப்பனாக டெர்வ்லா தேர்ந்தெடுத்திருந்தாள். அவர்களுடைய அக்கா அட்ராக்தா ஞானத்தாய். ஞானஸ்நானத்துக்கு முந்திய நாள் காலை அட்ராக்தா வந்து, அவனோடு பேசிவிடு, இல்லாவிட்டால் கோயிலில் அசிங்கமாகிவிடும் என்று சொல்லித் தானும் கூட வந்தாள். போனேன்.

காளை கூண்டுக்குள் நின்றது. ஒரு கண் வெந்ததுபோல வெள்ளையாக இருந்தது. முதுகில் தோல் பிளந்து ஈ மொய்த்தது. லோர்கன் குழாயை என்னிடம் நீட்டினான்.

"நீயும் ரெண்டு போடு, காலேஜ்காரா. மனசு ஆறும்."

வாங்கிக் கீழே போட்டேன். குழந்தைக்கு டெர்வ்லா ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறாள், அதைத்தான் நாளைக்குச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"என்ன பேரு?"

"நாளைக்குக் கேட்டுக்கோ."

"இப்பச் சொல்லு."

"உங்க வீட்டு வழக்கம்தானே."

அவன் சிரித்தான். பல் தெரிந்தது, அவ்வளவுதான். "பேருன்னு ஒண்ணு இருந்தாத்தானடா சொல்லுவ. அவ பேரு உன் வீட்டுல தினம் காதுல விழுறது உனக்குப் புடிக்கல. அதுக்கு ஒரு கதை கட்டுற."

அதில் பாதி உண்மை. அந்தப் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையைத் தினமும் சாப்பிடக் கூப்பிட என்னால் முடியாது. ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

"அவளை வயலுக்குள்ள கூப்பிட்டது நீ."

நெற்றியால் என் முகத்தில் முட்டினான். மூக்கு உடைந்த சத்தம் தலைக்குள்ளே கேட்டது. சாணியில் விழுந்தேன். விலாவில் உதைத்தான். ஏதோ பிளந்தது. கைக்கு எட்டிய தீவன வாளியை எடுத்து அவன் முழங்காலில் அடித்தேன். அவன் என்மேல் விழுந்தான். தொண்டையைப் பிடித்தான். அவன் கட்டைவிரலை எலும்பு தட்டும்வரை கடித்தேன். இருவரும் கத்தவில்லை. காளைதான் கூண்டை இடித்து இடித்துக் கத்தியது. அட்ராக்தா கொட்டகை கழுவும் தண்ணீர்க் குழாயைத் திறந்து எங்கள்மேல் பீய்ச்சினாள். நாய்களைப் பிரிக்கிற மாதிரி.

லோர்கன் எழுந்து விரலைச் சட்டையில் சுற்றிக்கொண்டான். "நாளைக்கு நான் உன் பக்கத்துலதான் நிப்பேன். வேற ஏதாவது பேரு உன் வாயில வந்துச்சுன்னா, ஃபாதர் முன்னாடியே உன்னைக் கொல்லுவேன்."

சும்மா சொல்கிறவன் இல்லை. பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பான். வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் கோயிலுக்கு மூக்கில் பஞ்சோடு போனேன். பல் ஒன்று ஆடியது. மூச்சை இழுத்தால் விலாவில் கத்தி இறங்கியது. ஃபாதர் டியர்மிட் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே கதவில் மோதிக்கொண்டீர்களா என்று கேட்டார். குழந்தை அட்ராக்தாவின் கையில் தூங்கியது. லோர்கன் எனக்கு இடப்பக்கம் வந்து நின்று, கோட்டுக்கு அடியில் கையை விட்டு, உடைந்த விலாவைச் சரியாகக் கண்டுபிடித்து அழுத்தினான். எனக்குக் கண் இருண்டது.

"குழந்தைக்கு என்ன பேர் வைக்கிறீங்க?" என்று ஃபாதர் கேட்டார்.

விரல்கள் இன்னும் உள்ளே போயின.

"லசரீனா" என்றேன்.

அடிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. விலாவிலிருந்து கை நழுவி விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். லோர்கனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

சொன்னேன்.

அவன் ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மெதுவாகத்தான் பேசினான். ஆனால் கல் கட்டடம், எல்லாருக்கும் கேட்டது.

"கேட்டுக்கடியில அவ இதைத்தான் சொன்னா. திரும்பத் திரும்ப இதையே. எங்க யாரு பேரும் இல்ல. உன் பேரும் இல்ல. புத்தி கலங்கி ஏதோ பெனாத்துறான்னு நெனச்சேன். பேசாத, மூச்சு போயிடும்னேன். அவ கேக்கல." கடிபட்ட விரலைப் பார்த்தான். "கையை வெச்சு வாயைப் பொத்துனேன், ஃபெர்கல்."

வழக்கத்தை முதலில் மீறியவள் அவள்தான். அந்தப் பெயர் என்னோடு நின்றுவிடக்கூடாது என்று நினைத்தாளோ, மகளைத்தான் கூப்பிட்டாளோ. தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவன் அவள் வாயை மூடியிருக்கிறான்.

நான் அவனை அடித்தேன். முஷ்டியால், வாயில். மறுபடியும். அவன் கையைத் தூக்கவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மூன்றாவது அடியில் உதடு கிழிந்து ரத்தம் வெள்ளைக் கல்லில் தெறித்தது. ஃபாதர் டியர்மிட் என் மணிக்கட்டைப் பிடித்தார். வயதானவர், ஆனால் உடும்புப் பிடி.

"போதும். புள்ளைக்குத் தண்ணி ஊத்தணும்."

ஊற்றினார். மூன்று தடவை, பெயரைச் சொல்லி. குழந்தை விழித்து அலறியது. பிறகு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஞானப்பெற்றோரிடம் கேட்டார். இந்தக் குழந்தையின் பெற்றோருக்குத் துணை நிற்கத் தயாரா? அட்ராக்தா தயார் என்றாள். லோர்கன் வாயில் நிறைந்த ரத்தத்தை விழுங்கிவிட்டுத் தயார் என்றான்.

விருந்துக்கு யாரும் உட்காரவில்லை. கேக்கை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டோம். நான் குழந்தையோடு வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபோது, லோர்கன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக் கழற்றாமலே துப்பாக்கியோடு கூண்டுக்குப் போவது தெரிந்தது. நான் வேலியைச் சுற்றிப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கொட்டகைக்கு வெளியே நின்றேன்.

முதல் குண்டு சரியாக விழவில்லை. காளை கூண்டோடு எழுந்ததுபோல இரும்பு அலறியது. இரண்டாவது குண்டுக்குப் பிறகு ஏதோ கனமாகச் சரிந்தது. என் தோளில் குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. லசரீனா என்றேன். வாய்விட்டு, சத்தமாக, இனி யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று. மறுபடியும் சொன்னேன்.

உள்ளே லோர்கன் துப்பாக்கியைச் சுவரில் சாய்க்கும் சத்தம். பிறகு அவன் குரல்.

"முழிச்சிட்டாளா... அவ?"

பெயரைச் சொல்லித்தான் கேட்க வாயெடுத்தான். அந்த இடத்தில் மூச்சு மட்டும்தான் வந்தது.

"முழிச்சிட்டா" என்றேன். "வெளிய வந்து நீயே கூப்பிடு."

அவன் வெளியே வரவில்லை. நான் காத்திருந்தேன்.