பாலத்துச் சுவரில் ஒரு குழாய்

டாக்டர் நடக்கச் சொன்னால் மனுஷன் நடக்க வேண்டியதுதானே? என் வீட்டுக்காரருக்குச் சும்மா நடக்க வராது. பஸ் டிப்போவில் நேரம் குறித்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவர். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்று தெரியாமல் வாசல்படி இறங்க மாட்டார்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "சமதளத்துல மட்டும் நடங்க. வலி வந்தா அப்படியே உட்கார்ந்து இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில வைங்க." அந்த மாத்திரைக்கென்று மருந்துக்கடைக்காரர் ஒரு குட்டி உலோகக் குழாய் கொடுத்தார். சுண்டுவிரல் பருமன், திருகுமூடி. அது அவர் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

நடையை விளையாட்டாக்கிக் கொடுத்தது எங்கள் மாப்பிள்ளை. ஜியோகேச்சிங் என்று பெயர். முகம் தெரியாத யாரோ காட்டிலும் மேட்டிலும் சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்துவைத்து, இடத்தைப் போனில் போட்டுவிடுவார்கள். நாம் போனில் தெரியும் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு எடுத்து வர ஒரு துரும்பும் கிடையாது. வேலையற்றவன் பூனையைப் பிடித்துச் சிரைத்த கதைதான்.

விளையாட்டுக்குப் புனைபெயர் வேண்டுமாம். 'கடைசி பஸ்' என்று வைத்துக்கொண்டார். நெஞ்சு நோயாளி வைக்கிற பெயரா இது?

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்றேன்.

"கடைசி பஸ்தான்டி நெறைய பேரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குது" என்று சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே கால்வாய்க் கரையில் இறங்கினோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கல்பாலம். அம்புக்குறி அங்கே போய் நின்றது.

"கடைசிப் பத்தடியில போன் பொய் சொல்லும். அதை உள்ள வச்சிட்டு, ஒளிச்சவன் எப்படி யோசிச்சிருப்பான்னு யோசிக்கணும்" என்று மாப்பிள்ளை சொன்னதைத் தன் சொந்தச் சரக்கு போல எனக்கு ஓதினார். வழியில் போகிறவர்களுக்கு இடம் தெரிந்துவிடக் கூடாதாம். என்னைப் பாலத்தின் முனையில் முதுகைத் திருப்பி நிற்கவைத்து, போனில் பேசுவது போல நடிக்கச் சொன்னார். பேரன் எடுத்த வயதில் எனக்கு இது தேவையா? "ஆமாம், ஆமாம்" என்று ஊமைப் போனிடம் பேசிக்கொண்டு நின்றேன்.

"கெடச்சிடுச்சு" என்றார் பின்னாலிருந்து. "இங்க பாரேன், அச்சு அசல் என் மாத்திரைக் குழாய் மாதிரியே இருக்கு. பக்கத்துல வச்சா எது எதுன்னே தெரியல."

"நாயைக் கூட்டிக்கிட்டு ஆள் வருது. சீக்கிரம்."

அவசரமாக வைத்துவிட்டு வந்தார். இடது கை முழங்கை வரை பச்சைப் பாசி. தையல் கடை வைத்திருப்பவள் நான். சட்டையைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பேன். "நேத்துத் தோய்ச்ச சட்டை" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அடுத்த டப்பா ஒரு மேட்டின் மேல் இருந்தது. "டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன். "இது மேடா? கொஞ்சம் உசந்த தரை" என்றார்.

பாதி மேட்டில் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன தடவையும் வலி தாடையில்தான் தொடங்கியது. அவரைப் புல்லில் உட்காரவைத்து, பையிலிருந்து குழாயை எடுத்து, மூடியைத் திருகி உள்ளங்கையில் தட்டினேன்.

சுருட்டிய தாள் ஒன்று விழுந்தது.

குழாயை உதறினேன். விரலை விட்டுத் துழாவினேன். தாளைப் பிரித்தால் யார் யாரோ கையெழுத்து. கடைசியில் 'கடைசி பஸ்'.

"மாத்தி வச்சிட்டேன் போலிருக்கு" என்றார். குரலே எழும்பவில்லை.

ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். "எங்கம்மா இருக்கீங்க? தெருப் பேர் சொல்லுங்க." தெருவுக்கு எங்கே போவேன்? புல்லும் வேலியும்தான். அவர் தன் போனை நீட்டினார். அந்த விளையாட்டில் இருந்த இடத்து எண்களைத் தட்டுத்தடுமாறிப் படித்தேன்.

"தெரிஞ்சிடுச்சும்மா. வண்டி கெளம்புது, ஆனா வர நேரமாகும். மாத்திரை இருந்தா குடுத்துடுங்க."

இருந்தால்!

என் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் வைத்தேன். "இந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கிட்டே இருங்க. எழுந்திரிக்காதீங்க." அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

எனக்கு ஓடிப் பழக்கமில்லை. செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. மாப்பிள்ளையைத் திட்டினேன், ஒளித்துவைத்த முகம் தெரியாத பாவியைத் திட்டினேன். 'சீக்கிரம்' என்று அவரை விரட்டிய என் வாயையும் திட்டினேன். அவர் இல்லாத வீடு கண்முன்னால் வந்து நின்றது. பயத்தில் எனக்கு அழக்கூட வரவில்லை.

பாலத்தில் அம்புக்குறி இந்தப் பக்கம் காட்டியது, அந்தப் பக்கம் காட்டியது, என்னையே காட்டியது. சுவர் முழுக்கக் கல். கல்லுக்குக் கல் ஒரு பொந்து. கண்ட பொந்திலெல்லாம் கையை விட்டேன். நத்தை, ஈர இலை, சிகரெட் துண்டு. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

போனை மடியில் செருகினேன். ஒளித்தவன் எப்படி யோசித்தானோ, அவனை எனக்குத் தெரியாது. ஆனால் கண்டுபிடித்தவரைத் தெரியும். இந்த மனுஷன் 'அம்மாடியோவ்' என்று முனகாமல் குனிந்ததே கிடையாது. அந்த முனகல் எனக்குக் கேட்கவில்லை. அப்படியானால் கீழே இல்லை. வலது தோள் தூக்க வராது. அதனால்தான் பாசி இடது கையில். அதுவும் முழங்கை வரை, பொந்து ஆழம். பாசி எங்கே இருக்கிறது? காய்ந்த சுவரில், தண்ணீர் கசிகிற ஒரே ஓர் இடத்தில்தான்.

இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. கையை முழங்கை வரை விட்டேன். விரல் நுனியில் சில்லென்று இரும்பு தட்டியது. அங்கேயே திறந்தேன். வெள்ளை மாத்திரைகள்.

மேட்டில் எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்தது. பேசச் சொன்னேனே என்று, டிப்போவின் முதல் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக அந்தப் பெண்ணுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் "ம், அடுத்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாக்கைத் தூக்கச் சொல்லி மாத்திரையை வைத்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வரும்வரை மணிக்கட்டை விடவில்லை.

திரும்பவும் ஆஸ்பத்திரி, திரும்பவும் சிகிச்சை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக அந்தப் பாலத்துக்குப் போனோம். ஊரான் பொருள் என் கைப்பையில் எத்தனை நாள் கிடக்கும்?

இந்த முறை அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு ஊமைப் போனில் பேசினார். நான் சுவரிடம் நின்றேன்.

"முதல்ல உங்க குழாயைக் காட்டுங்க."

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் சுற்றிக் கட்டிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது. என் கையிலிருந்ததைத் திறந்தேன். தாள்.

"கண்டுபிடிச்சவ நீதான். பேர் எழுதினியா?" என்றார் திரும்பாமல்.

'கடைசி பஸ்' என்பதில் 'கடைசி'யை அடித்தேன். மிச்சமிருந்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிச் சுருட்டி உள்ளே போட்டு மூடினேன். பொந்துக்குள் கையை விட்டேன். விட்ட கையை வெளியே எடுத்து மறுபடி திறந்து பார்த்தேன். தாள்தான்.

"ஆள் வருது. சீக்கிரம்" என்றார்.

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை மூடியைத் திருகினேன்.