ஆயக்குடிக் கொய்யா

கிதர் முகம்மதுவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் முதலில் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், பிறகுதான் பால். பட்டாளத்தில் இருந்தபோது பாஸ்கெட்பாலும் சந்தேகமும் கற்றுக்கொண்டு வந்தார். இரண்டில் எதை முதலில் கற்றார் என்று அவர் மனைவி ஷரீஃபாவுக்கே தெரியாது.

உலக யுத்தம் முடிந்து திண்டுக்கல்லுக்குத் திரும்பியவர், பேகம்பூரில் மாமனாரின் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் கிடந்த பொட்டலைச் சமன் செய்து, செம்மண் கொட்டி, இரண்டு கம்பங்களை நட்டார். தோல் ஊறும் நாற்றத்தில் ஓடிப் பழகிய பையன்களுக்கு வேறெந்த ஊர் மைதானத்திலும் மூச்சு வாங்கவில்லை. ஐம்பத்தைந்தாம் வருஷத்திலிருந்து வட்டாரக் கோப்பை பேகம்பூர் கிளப்பை விட்டு நகரவே இல்லை. மதுரையிலும் திருச்சியிலும் கூட 'மாஸ்டர்' என்றால் அவர்தான்.

சந்தேகமும் அவருக்குக் கைகொடுத்தது, இல்லையென்று சொல்ல முடியாது. எதிரணிக்காரன் நொண்டினால் நடிப்பென்று உடனே கண்டுகொள்வார். ஓர் ஆள் தேவையில்லாமல் சிரித்தால், அடுத்த பந்து யாருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இப்படி ஊரையே முகம் பார்த்துப் படித்தவர், கண்ணாடியில் மட்டும் மீசையைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

அவருடைய பெருமையெல்லாம் இடதுபக்க ஆட்டம் என்ற ஒன்றில் இருந்தது. அவரே யோசித்துக் கண்டுபிடித்தது. கேப்டன் ரஹ்மத்துல்லா தலைமுடியைத் தொட்டால் அதுதான் சைகை. உடனே ஒச்சப்பன் இடது ஓரமாக ஓடி எகிறுவான். பந்து அவன் கைக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து கூடைக்குள் விழும். ஒச்சப்பன் குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் குடும்பத்துப் பிள்ளை, அதிகம் பேசமாட்டான். அவன் எகிறுவதைப் பார்த்தால் காலுக்கடியில் யாரோ நெருப்பு வைத்தது போலிருக்கும்.

அறுபத்தொன்றில் அந்த ஆட்டம் படுத்துவிட்டது. பழனி அணியோடு மோதும்போதெல்லாம், ஒச்சப்பன் ஓடுவதற்கு முன்பே இரண்டு பேர் அங்கே போய் நின்றார்கள். மாஸ்டர் சைகையை மாற்றி, காதைத் தொடச் சொன்னார். அப்போதும் நின்றார்கள். முழங்காலைத் தட்டச் சொன்னார். அதற்கும் நின்றார்கள்.

"உள்ளேருந்து ஒருத்தன் சொல்றான்" என்றார் வீட்டில்.

"நீங்க உங்க நிழலையே திரும்பித் திரும்பிப் பாக்குற ஆளு" என்றாள் ஷரீஃபா, அவர் சட்டையை உதறிக்கொண்டே. "அது கெடக்கட்டும், மேட்ச் நாளுன்னா சட்டையெல்லாம் இம்புட்டு மூக்குப்பொடியா? துவைக்கிறதுக்குள்ள எனக்குத் தும்மல் வந்துருது."

ஆட்டம் பார்க்கும்போது பொடி போட்டதாகவே அவருக்கு நினைவில்லை. டப்பி ஏன் சீக்கிரம் காலியாகிறது என்ற கேள்வி அவருக்கும் கொஞ்ச நாளாக இருந்தது. யாரோ எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து வீட்டிலும் டப்பியைச் சட்டைப் பையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் பழனியில் ஒரு நட்பு ஆட்டம். புதிய சைகையை மாஸ்டர் இரண்டே பேரிடம் சொன்னார், ரஹ்மத்துல்லாவிடமும் ஒச்சப்பனிடமும். அன்றும் இரண்டு பேர் முன்கூட்டியே போய் நின்றார்கள். ரஹ்மத்துல்லா அவருடைய சொந்த அக்காள் மகன். ஆகவே கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது. இந்த மாதிரிக் கணக்கெல்லாம் எப்போதுமே சுலபமாகத்தான் முடியும்.

அன்று சாயங்காலம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், எல்லார் முன்னாலும் ஒச்சப்பனின் பையை வாங்கிக் கவிழ்த்தார். பனியனோடு நாலைந்து கொய்யாப்பழங்கள் உருண்டன.

"ஆயக்குடிக் கொய்யா. ஏலே, யாரு குடுத்தா?"

"கண்ணுசாமி அண்ணன்தான் மாஸ்டர். எல்லாருக்குந்தான் குடுத்தாரு."

கண்ணுசாமி பழனி அணியின் கோச், சொந்த ஊர் ஆயக்குடி. பஸ் ஏறும்போது அவர் எல்லாருக்கும் பழம் கொடுத்தது உண்மைதான். மற்றவர்கள் சாட்சியை பஸ்ஸிலேயே தின்று தீர்த்துவிட்டார்கள்.

"நீ மட்டும் ஏன் ஒளிச்சு வச்சிருக்க?"

"எங்க அக்கா மாசமா இருக்கு மாஸ்டர். கொய்யா வேணும்னு கேட்டுச்சு."

"அக்காவா?" மாஸ்டர் சிரித்தார். "சொல்லுடா. எங்கள அந்தாளுகிட்ட வித்தியா இல்லையா?"

ஒச்சப்பன் அவர் முகத்தையே பார்த்தான். ரஹ்மத்துல்லா ஏதோ சொல்ல வாயெடுத்து மாமாவின் கண்ணைப் பார்த்து அடங்கிப் போனான். கீழே கிடந்த பழங்களை ஒச்சப்பன் பொறுக்கவில்லை, பனியனை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"அம்புட்டுதானா மாஸ்டர்?" என்றான். பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ளவன்தான் பேசமாட்டான் என்று மாஸ்டருக்கு மனம் நிறைந்துவிட்டது.

பழனி அணியோடு இறுதி ஆட்டம் திண்டுக்கல்லில் நடந்தது. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் வந்ததே ஒச்சப்பனைப் பார்க்கத்தான். அந்த அணியில் இடம் கிடைத்தால் மதுரையில் மில் வேலை நிச்சயம். அந்தக் குடும்பத்தில் மழையை நம்பாமல் சோறு தின்னும் முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். இதெல்லாம் மாஸ்டருக்கும் தெரியும். ஒச்சப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அந்தப் பையன் எங்கே விளையாடுகிறான்?" என்று சென்னைக்காரர் கேட்டார். "ஆட்டம் இருக்கு சார், ஆள் நம்பிக்கையில்ல" என்றார் மாஸ்டர்.

ஆட்டம் தொடங்கியது. ஒச்சப்பன் இடத்தில் வேறொருவன் இறங்கியிருந்தான். அன்று காலையில்தான் சைகையை மாற்றியிருந்தார்கள், ஒச்சப்பனுக்கு அது தெரியவே தெரியாது. ரஹ்மத்துல்லா சைகை காட்டினான். பழனி ஆட்கள் இருவர் இடது ஓரத்தில் போய் நின்றார்கள்.

மாஸ்டரின் பார்வை ரஹ்மத்துல்லா மேல் போய் நின்றது. அப்படியானால் அக்காள் மகனா? அடுத்த முறையும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த முறையும். கோப்பை பழனிக்குப் போயிற்று. கூட்டம் கலைவதற்குள் ரஹ்மத்துல்லாவின் சட்டையைப் பிடிக்கப் போனார். அதற்குள் கண்ணுசாமி கைகுலுக்க வந்துவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், அந்த ஒச்சப்பன உக்கார வச்சுட்டீங்களே? அவன் எறங்கியிருந்தா எங்க பாடு திண்டாட்டமுங்க."

"நடிக்காதய்யா. எங்க ஆளு எவன் உனக்குச் சொன்னான்?"

கண்ணுசாமி சிரித்துவிட்டார். "நீங்கதானுங்க சொன்னீங்க! இடதுபக்கம் பந்து போறதுக்கு முன்னாடி உங்க கை சட்டைப் பைக்குப் போகுமுங்க. டப்பிய ரெண்டு தட்டு தட்டி ஒரு சிட்டிகை உறிஞ்சுவீங்க. வேற எந்த ஆட்டத்துக்கும் டப்பி வெளிய வராதுங்க. எங்க பசங்க உங்க கேப்டனப் பாக்கறதே இல்லீங்க. உங்களத்தான் பாப்பாங்க."

மாஸ்டர் கையைப் பார்த்தார். டப்பி கையில்தான் இருந்தது. திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். ஒச்சப்பன் போய்விட்டிருந்தான். சென்னைக்காரரைத் தேடி ஓடினார். அவர் பழனிப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை குஜிலியம்பாறை பஸ்ஸுக்குப் போகும் வழியில் சந்தையில் நின்றார். சாக்கு சாக்காக ஆயக்குடிக் கொய்யா குவிந்து கிடந்தது. எந்தப் பருவத்திலும் அப்படித்தான் கிடந்திருக்கும். அவர் கண்ணில் அன்றுதான் பட்டது. ஒரு கூடை வாங்கிக்கொண்டார். வெட்கத்தில் விலைகூடக் கேட்கவில்லை.

ஒச்சப்பன் காட்டில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தான். மாஸ்டரைப் பார்த்ததும் பழக்கத்தில் நிமிர்ந்து நின்றான். அவர் எல்லாவற்றையும் சொன்னார், டப்பி, கண்ணுசாமி, எதையும் விடவில்லை. "தப்பு பண்ணிட்டேன்ப்பா" என்று வாய்விட்டுச் சொன்னார். ஷரீஃபாவிடம்கூட அவர் சொல்லியறியாத வார்த்தை அது.

ஒச்சப்பன் கையிலிருந்த செடியை மண்ணுதறிக் கீழே போட்டான்.

"நீங்க பொடி எடுக்குறது எனக்குத் தெரியும் மாஸ்டர். நான் ஓடுறப்பல்லாம் ஓரக்கண்ணுல பாப்பேன். அது அவுங்களுக்குத் துப்புன்னு தோணல. நம்ம ஓடுனா மாஸ்டருக்கு இம்புட்டுப் பதறுதேன்னு நெனச்சுக்குவேன். அந்தத் தெம்புலதான் எகிறுவேன்."

 மாஸ்டர் கூடையை நீட்டினார். "அக்காவுக்கு."

ஒச்சப்பன் வாங்கிக்கொண்டான். மாஸ்டர் மேற்கொண்டு ஏதோ கேட்க வந்தார். கேட்பதற்கு முன்பே வலது கை சட்டைப் பையை நோக்கி எழுந்தது.

ஒச்சப்பன் அந்தக் கையைப் பார்த்தான்.

"கேக்காதீங்க மாஸ்டர்" என்றான். "நான் வரல."